பகிர்தலும் பதிவேற்றுதலும்

தஞ்சாவூரில் தலையாட்டிப் பொம்மை செய்யும் கைவினைஞர் ஒருவர், அடிப்பகுதிக்குக் களிமண்ணால் கனம் சேர்ப்பதையும் மேற்பகுதியைக் காகிதக்கூழால் இலேசாக அமைப்பதையும் படம்பிடித்து, யூடியூபில் தம் பக்கத்தில் வெளியிடுகிறார் எனக் கொள்க. தில்லியில் வாழும் தமிழ் மாணவி ஒருத்தி அதைக் கண்டு மகிழ்கிறாள். பிறருக்கும் காட்ட விரும்புகிறாள். அவள்முன் இரண்டு வழிகள் உள்ளன. காணொலியின் கீழுள்ள பகிர்வுப் பொத்தானை அழுத்தி, அதன் இணைப்பைத் தோழியர்க்கு அனுப்பலாம். அல்லது, காணொலியைப் பதிவிறக்கித் தன் பக்கத்தில் தன் பதிவாகவே ஏற்றிவிடலாம். காண்போர் கண்ணுக்கு இரண்டும் ஒரே படம்தான். ஆனால் இவ்விரண்டு செயல்களுக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரிது.

இணைப்பை அனுப்பும்போது, அதைத் திறப்பவர் ஒவ்வொருவரும் கைவினைஞரின் பக்கத்திற்கே செல்கின்றனர். பார்வை எண்ணிக்கை அவர் கணக்கில் கூடுகிறது. விளம்பர வருவாய் உண்டெனில் அதன் பங்கும் அவரைச் சேர்கிறது. பதிவிறக்கி மீண்டும் ஏற்றும்போதோ, நிறுவனத்தின் கணினிக்கு அது ஒரு புதிய காணொலி. அதன் உரிமையாளர் மாணவியே. பாராட்டும் பின்தொடர்வோரும் அவளிடம் வந்து சேர்கின்றனர். இதனினும் வருந்தத்தக்க இழப்பு ஒன்று உண்டு. "இப்பொம்மை எங்கே கிடைக்கும்? என்ன விலை?" என்று ஒருவர் கருத்துரைப் பகுதியில் கேட்கிறார். அக்கேள்வி கைவினைஞருக்குச் செல்வதில்லை. விடை தெரியாத மாணவியின் பக்கத்தில் அது அப்படியே கிடக்கிறது. ஒரு விற்பனை நழுவிப்போனதை விற்க வேண்டியவர் அறியவே மாட்டார்.

பகிர்தல் என்னும் தமிழ்ச்சொல்லுக்கே, தன்னிடம் உள்ளதைப் பிறருக்குப் பங்கிட்டுக் கொடுத்தல் என்பது பொருள். கொடுப்பவரின் பொருளே பகிரப்படும். பிறர் பொருளைத் தன் கையால் வழங்கித் தனக்குப் பெயர் தேடிக்கொள்வதற்கு அச்சொல் பொருந்துமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இவ்வழக்கம் பரவியதற்குக் காரணம் எளிது. யூடியூபில் விளம்பர வருவாயில் பங்கு பெற ஒரு பக்கத்திற்கு 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அத்துடன் 12 மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வையோ, 90 நாள்களில் குறுங்காணொலிகளுக்கு ஒரு கோடிப் பார்வைகளோ வேண்டும். சொந்தமாகப் படம்பிடித்து இவ்வெல்லையை எட்டப் பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் ஆகலாம். பிறர் காணொலிகளைத் திரட்டி நாள்தோறும் பத்துப் பதினைந்தாக ஏற்றுபவர் அதை விரைவில் எட்டிவிட எண்ணுகிறார். சமையல் செய்தவர் ஒருவர், இலை போட்டு உபசரித்துப் பெயர் பெறுபவர் மற்றொருவர் என்பது போன்றது இது.

இந்தியாவில் குறுங்காணொலிகளின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 2020 சூன் 29 அன்று டிக்டாக் செயலிக்கு நடுவண் அரசு தடை விதித்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வசதியும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வசதியும் இந்தியாவில் அறிமுகமாயின. டிக்டாக்கிலிருந்து எடுக்கப்பட்ட காணொலிகள் அதன் சின்னம்கூட அழியாமல் புதிய தளங்களில் உலவின. பிற செயலியின் சின்னம் தெரியும் காணொலிகளைக் குறைவாகவே பரிந்துரைப்போம் என்று 2021இல் இன்ஸ்டாகிராம் அறிவித்தது. 2024 ஏப்ரலில் அந்நிறுவனம் மேலும் ஒரு படி சென்றது. ஒரே காணொலி இரு பக்கங்களில் இருப்பின், பரிந்துரையில் படியை நீக்கி மூலத்தையே காட்டுவதாகக் கூறியது. 30 நாள்களில் பத்து முறைக்கு மேல் பிறர் படைப்பை அப்படியே ஏற்றும் பக்கங்களைப் பரிந்துரையிலிருந்தே விலக்குவதாகவும் அறிவித்தது. குறுக்குவழியாகத் தோன்றியது இவ்வாறு சுற்றுவழியாகிவிட்டது.

யூடியூப் கையாளும் முறை வேறு. 'கன்டென்ட் ஐடி' எனப்படும் அதன் அமைப்பில், திரைப்பட நிறுவனங்களும் இசை நிறுவனங்களும் தம் படைப்புகளின் மூலக்கோப்புகளைக் கொடுத்து வைக்கின்றன. மனிதர்க்குக் கைரேகை இருப்பதுபோல ஒவ்வொரு கோப்பிற்கும் ஓர் அடையாளத்தை அமைப்பு உருவாக்கிக்கொள்கிறது. புதிதாக ஏறும் காணொலிகள் அவ்வடையாளங்களோடு ஒப்பிடப்படுகின்றன. பொருந்தினால், அதைத் தடுப்பதா, அதன் விளம்பர வருவாயைத் தாமே பெறுவதா, வெறுமனே கண்காணிப்பதா என்பதை உரிமையாளர் முடிவு செய்யலாம். ஆயினும் இவ்வசதி பெரும்பாலும் பெரிய உரிமையாளர்களுக்கே கிட்டுகிறது. பொம்மை செய்பவர் போன்ற தனியாள், தம் காணொலி திருடப்பட்டதைத் தாமே கண்டுபிடித்துப் புகார் அளிக்க வேண்டும். புகார் ஏற்கப்பட்டால் ஏற்றியவர் பக்கத்திற்கு ஓர் எச்சரிக்கைப் புள்ளி விழும். 90 நாள்களுக்குள் மூன்று புள்ளிகள் சேர்ந்தால் அப்பக்கம் மூடப்படலாம்.

இந்தியச் சட்டமும் இதில் தெளிவாகவே உள்ளது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பு உருவானவுடனே அதற்கு உரிமை தோன்றிவிடுகிறது. எங்கும் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. கைப்பேசியில் எடுத்த காணொலிக்கும் இது பொருந்தும். திரைப்படங்களுக்கும் காணொலிகளுக்கும் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. ஆடுவோர், பாடுவோர் முதலிய நிகழ்த்துநர்க்குத் தனி உரிமையும் அச்சட்டத்தில் உள்ளது. "இணையத்தில் கிடப்பது எல்லார்க்கும் பொது" என்னும் எண்ணத்திற்கு இச்சட்டத்தில் இடமில்லை.

இங்கே பலரையும் மயக்கும் ஒரு பழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். காணொலியை முழுதாக எடுத்து ஏற்றிவிட்டு, கீழே "நன்றி: உரியவர்க்கு" என்று எழுதிவிடுகின்றனர். உரியவர் யார் என்றுகூட அதில் இருப்பதில்லை. படைத்தவரின் பெயரைச் சரியாக எழுதினாலும், அது மரியாதையே தவிர இசைவு ஆகாது. ஒருவர் வீட்டு மிதிவண்டியைக் கேளாமல் எடுத்துச்சென்று, அதன்மேல் அவர் பெயரை எழுதி ஒட்டுவதால் அது கடன் வாங்கியதாகிவிடுமா? படத்தை இடவலமாகத் திருப்புதல், ஓரங்களை வெட்டுதல், வேகத்தைக் கூட்டுதல் ஆகியவை கணினியை ஏமாற்றச் செய்யப்படும் வேலைகள். உரிமையாளரின் உரிமையை அவை சிறிதும் மாற்றுவதில்லை.

அவ்வாறாயின் பிறர் காணொலியைத் தொடவே கூடாதா? அப்படியன்று. திறனாய்வு, மதிப்புரை, நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காகப் பிறர் படைப்பை நேர்மையான அளவில் பயன்படுத்த மேற்குறித்த சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. எது நேர்மையான அளவு என்பதற்கு நிமிடக் கணக்கு எதுவும் வகுக்கப்படவில்லை. பத்து நொடிக்குள் இருந்தால் குற்றமில்லை என்று பரவலாகச் சொல்லப்படுவது வெறும் செவிவழிச் செய்தியே.

இதை விளக்க அமெரிக்க வழக்கு ஒன்று உதவும். ஈத்தன் கிளைன், ஹிலா கிளைன் என்னும் இணையர், பிறர் வெளியிட்ட ஐந்தரை நிமிட அளவிலான நகைச்சுவைக் காணொலி ஒன்றில் மூன்று நிமிடங்களுக்கு மேல் எடுத்து, ஏறத்தாழ 14 நிமிடக் காணொலி ஒன்றை வெளியிட்டனர். மூலத்தைச் சிறு சிறு துண்டுகளாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் பற்றிக் கடுமையாகவும் வேடிக்கையாகவும் பேசினர். மூலத்தின் உரிமையாளர் வழக்குத் தொடர்ந்தார். 2017 ஆகஸ்டில் நியூயார்க்கில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம், இது திறனாய்வு என்றும் நேர்மையான பயன்பாடே என்றும் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, இத்தகைய எல்லாக் காணொலிகளுக்கும் இது பொருந்தாது எனவும் எச்சரித்தது. பேச்சு ஏதுமின்றிக் கூடியிருந்து பார்ப்பதை மட்டும் காட்டும் காணொலிகளின் நிலை வேறு என்றது.

செனகலில் பிறந்து இத்தாலியில் வளர்ந்த காபி லாமே என்னும் இளைஞரின் வளர்ச்சியும் இங்கு நினைக்கத்தக்கது. 2020இல் தொழிற்சாலை வேலையை இழந்த அவர், எளிய செயல்களைத் தேவையின்றிச் சிக்கலாக்கிக் காட்டும் பிறர் காணொலிகளை எடுத்துக்கொண்டார். அவற்றின் அருகிலேயே அச்செயலை எளிமையாகச் செய்துகாட்டி, ஒரு சொல்லும் பேசாமல் கைகளை விரித்தார். 2022 சூனில் டிக்டாக்கில் உலகிலேயே மிகுதியான பின்தொடர்வோரைக் கொண்டவரானார். மக்கள் அவரைத் தேடி வந்தது பிறர் காணொலிக்காக அன்று. அவர் முகத்தில் தோன்றும் அந்தச் சலிப்புக்காகவே.

தமிழ் இலக்கண மரபுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. பவணந்தி முனிவரின் நன்னூல், நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துகிறது. முதல்நூலின் கருத்தைத் தழுவிச் செல்லும் வழிநூலும், பின் வந்தவர் வேண்டும் வேறுபாட்டை உடையதாக இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. முன்னவர் நூலை அப்படியே படியெடுத்துத் தம் பெயரைப் பொறிப்பதற்கு அம்மூன்றில் எவ்விடத்திலும் இடமில்லை.

வாட்சப் குழுக்களின் நிலை சற்று வேறானது. அங்குப் பின்தொடர்வோரைத் திரட்டும் நோக்கம் பெரும்பாலும் இல்லை. ஊரிலுள்ள பாட்டி அனுப்பும் திருவிழாக் காணொலி, சண்டிகரில் உள்ள பேரனுக்கும் மும்பையில் உள்ள பேத்திக்கும் சென்று சேர்கிறது. ஆனால் 'முன்னனுப்பப்பட்டது' என்னும் குறிப்பு, காணொலி எவரிடமிருந்து புறப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. கோப்பாக அனுப்பும்போது பெயர் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. இணைப்பாக அனுப்பினால் உதிர்வதில்லை.

பிறர் காணொலியைத் தம் பக்கத்தில் வெளியிட விரும்புவோர் செய்ய வேண்டியது கடினமான செயலன்று. படைத்தவரின் பக்கத்திற்கே சென்று, எந்தக் காணொலி, எங்கு வெளியிடப்படும், எதற்காக என்பவற்றை எழுதிக் கேட்கலாம். பலர் மகிழ்ச்சியோடு இசைகின்றனர். தம் பெயரும் இணைப்பும் தெளிவாக இடம்பெற வேண்டும் என்று மட்டும் கேட்கின்றனர். மறுமொழி வராவிட்டால் இசைவு இல்லை என்றே கொள்ள வேண்டும். காத்திருக்க இயலாதோர்க்கு 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தோடு வெளியிடப்பட்ட காணொலிகள் உள்ளன. அவற்றின் படைப்பாளர்கள், பெயர் குறிப்பிடுதல் முதலிய நிபந்தனைகளோடு முன்கூட்டியே இசைவு அளித்துள்ளனர். யூடியூபில் தேடும்போது, வடிகட்டும் பகுதியில் அவ்வுரிமத்தைத் தேர்ந்தால் அத்தகைய காணொலிகள் மட்டும் தோன்றும்.