லெ மான்ஸை ஜெயித்த பிரேக்

ரேஸ் கார் என்றாலே நம் பையன்கள் கேட்பது, "எத்தனை சி.சி.? எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்பதுதான். எப்படி நிற்கும் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நன்றாக நிற்கத் தெரிந்ததாலேயே ஜெயித்த ஒரு பிரிட்டிஷ் காரைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

பிரான்சிலுள்ள லெ மான்ஸ் நகரில் 1923-ல் தொடங்கியது 24 மணி நேரப் பந்தயம். ஒரு முழுநாளில் யார் அதிக தூரம் ஓடுகிறாரோ அவருக்கே வெற்றி. 1950-களில் ஒரு சுற்று சுமார் 13.5 கி.மீ. அதில் ஏறக்குறைய 6 கி.மீ. நேர்ரோடு. அது முடிகிற முல்சான் என்ற இடத்தில் கூர்மையான வளைவு. மணிக்கு 230 கி.மீ.-ல் வருகிற கார் அங்கே டவுன் பஸ் வேகத்துக்கு இறங்கியாக வேண்டும்.

வண்டி எடை ஒரு டன் என்று வைத்துக்கொண்டு நம் ஃபிசிக்ஸ் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். அந்த ஒரு வளைவில் பிரேக் விழுங்குகிற சூடு, 6 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும்! இப்படி 24 மணி நேரத்தில் முந்நூறு தடவைக்கு மேல்.

அந்தக் காலத்தில் எல்லாம் டிரம் பிரேக். சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கும் பிடிப்பை இழக்கும். பெடல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இதற்கு 'ஃபேட்' என்று பெயர். எங்கப்பா லாரி டிரைவர். மலையிறக்கத்தில் டிரம் தீய்ந்த வாசம் வந்தால் ஓரங்கட்டிவிட்டு, ஆறின பிறகுதான் எடுப்பார். எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். 'ஃபேட்' என்ற பெயரை நான் அவருக்குச் சொன்னேன். விஷயம் அவருக்கு எனக்கு முன்னாடியே தெரியும்.

டிஸ்க் பிரேக்கில் தட்டு வெளியே காற்றில் சுற்றுகிறது, சீக்கிரம் ஆறும். சூட்டில் தடித்தாலும் பேடை நோக்கித்தான் வரும், விலகாது. யோசனை புதிதல்ல, லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1902-லேயே பேட்டன்ட் வாங்கிவிட்டார். பிறகு விமானச் சக்கரங்களுக்கு டன்லப் கம்பெனி டிஸ்க் செய்தது. அதைக் காருக்குக் கொண்டுவர டன்லப்போடு சேர்ந்தது கவென்ட்ரி நகரத்து ஜாகுவார். சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார். பிரேக் ஆயிலே கொதித்துப் போனது போன்ற தொல்லைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்தார்கள்.

ஜாகுவார் சி-டைப் 1951-ல் டிரம் பிரேக்குடனேயே லெ மான்ஸை ஜெயித்தது. 1952-ல் இன்னும் வேகம் வேண்டுமென்று மூக்கை நீட்டி வடிவத்தை மாற்றினார்கள்; இன்ஜின் சூடேறி மூன்று காரும் பாதியில் நின்றன. வேகத்துக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான்! ஆனால் அதே மாதம் ரீம்ஸ் பந்தயத்தில் ஸ்டிர்லிங் மோஸ் டிஸ்க் பிரேக் சி-டைப்பில் ஜெயித்தார். டிஸ்க்குக்கு அதுதான் முதல் வெற்றி.

1953-ல் லெ மான்ஸுக்கு வந்த மூன்று ஜாகுவாரிலும் டிஸ்க். எதிரே 4 லிட்டருக்கு மேற்பட்ட ஃபெராரி. ஜாகுவார் இன்ஜினோ 3.4 லிட்டர்தான். ஆனால் ஃபெராரிக்காரர் பிரேக்கில் கால் வைத்த பிறகும் ஜாகுவார் ஆக்சிலேட்டரிலேயே போகும். டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் 4,088 கி.மீ. ஓடி ஜெயித்தார்கள். சராசரி மணிக்கு 170 கி.மீ.; முந்தின வருஷம் ஜெயித்த மெர்சிடிஸுக்கு 155 தான். மற்ற இரண்டு ஜாகுவாரும் இரண்டாவது, நான்காவது.

அடுத்து வந்த டி-டைப் 1955, 56, 57 மூன்று வருஷமும் ஜெயித்தது. ஆனால் 1955 வெற்றியைக் கொண்டாட முடியாது. ஜாகுவார் பிட்டுக்குள் போக பிரேக் போட்டது. பின்னால் வந்த கார் விலகியது. அதன்மேல் மோதிய மெர்சிடிஸ் கூட்டத்தில் பாய்ந்து 80 பேருக்கு மேல் இறந்தார்கள். பிட்டுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே ஒரு சுவர்கூட அப்போது கிடையாது. பிரேக்கை மட்டும் சொல்லிக் குற்றமில்லை என்பது என் அபிப்பிராயம். பிறகு அந்த இடத்தையே இடித்துக் கட்டினார்கள்.

1957-ல் ஜாகுவார், எக்ஸ்.கே.150 என்ற சாதாரண ரோடு காரின் நாலு சக்கரத்திலும் டிஸ்க்கை வைத்து விற்க ஆரம்பித்தது. நம் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிற பைக்குகளின் முன்சக்கரத்தை நாளைக்கு ஒருதரம் குனிந்து பாருங்கள். ஓட்டை போட்ட அந்தத் தட்டு பலவற்றிலும் இருக்கும்.