கள்ளு ஷாப்புல ஃபேமிலி ரூம்

நாங்க ரெண்டு பேரும் இன்னும் பேசுற சாப்பாடு, ஆலப்புழை பக்கம் ஒரு கள்ளு ஷாப்புல சாப்பிட்டது. தமிழ்நாட்டுல 1987-லேர்ந்து கள்ளுக்குத் தடை, அதனால எங்களுக்கு எல்லாமே புதுசு. இறக்கின புதுசுல கள் இனிக்கும். நேரம் ஆக ஆக தானா புளிச்சு போதை ஏறும். அதோட சேர்த்துச் சாப்பிட கப்பை (நம்ம மரவள்ளிதான்), குடம்புளி போட்ட மீன்கறி, வாழையிலையில பொதிஞ்சு சுட்ட கரிமீன். காரம் கண்ணுல தண்ணி வரவைக்கும்.

பொண்ணுங்க வந்தா ‘ஃபேமிலி ரூம்’னு ஒரு தனி அறையைக் காட்டுவாங்க. பாதுகாப்புதான், ஆனா நாங்க போன இடத்துல அதுக்கு ஜன்னலே இல்ல. காயல் தெரியுறது வெளி பெஞ்சுலேர்ந்துதான். நான் பெஞ்சுலயே உட்கார்ந்துட்டேன். இவர் கொஞ்சம் தயங்கினார். நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க, அப்புறம் அவங்கவங்க தட்டைப் பார்த்தாங்க. பரிமாற வந்த சேட்டன், எரிவு போதுமான்னு என்கிட்டதான் கேட்டார்.