விளையாட்டிலும் வேண்டும் விதி

கணிப்பொறி விளையாட்டு என்றாலே பொழுதைப் பாழாக்கும் வேலை என எண்ணுவோர் பலர். அவர்களோடு வழக்காட நான் வரவில்லை. ஆயினும், ஒரு விளையாட்டின் உள்ளமைப்பு நமக்குப் பாடம் ஒன்று சொல்லுமாயின், அதனைக் கேட்டுக்கொள்வதில் இழப்பில்லை அன்றோ?

செக் நாட்டின் பிராக் நகரிலுள்ள ஊபே சாப்ட்வேர் நிறுவனம் ஆக்கியது ‘ஃபாக்டோரியோ’. 2020 ஆகஸ்டில் அதன் முழுப் பதிப்பு வெளிவந்தது. அயற்கோளொன்றில் அகப்பட்டவன் சுரங்கம் தோண்டி, தண்டவாளம் போட்டு, ஆலைகள் எழுப்பி, இறுதியில் ராக்கெட் ஏவ வேண்டும். எதை எங்கே கட்டுவது என்பது அவன் விருப்பம். பலர் கூடியும் ஆடலாம்; ‘மாட்’ எனப்படும், வெளியார் எழுதிய சேர்க்கைகளையும் இணைத்துக்கொள்ளலாம். இவ்விரு வசதிகளும் தொடர்பற்றவை எனத் தோன்றும். உண்மையில் ஒன்று மற்றொன்றைக் குலைக்க வல்லது. எவ்வாறு என்று காண்போம்.

பெரிய ஆலையில் ஆயிரக்கணக்கான பொருள்கள் ஒரே சமயத்தில் நகர்கின்றன. அத்தனையின் நிலையையும் சர்வரிலிருந்து ஓயாது அனுப்பிக்கொண்டிருப்பது பெரும்பாடு. ஆகவே, ஆடுவோரின் செயல்கள் மட்டுமே அனுப்பப்படுகின்றன. எஞ்சியதை ஒவ்வொரு கணிப்பொறியும் வினாடிக்கு 60 முறை தானே கணக்கிடுகிறது. நால்வர் ஒரே கணக்கைத் தனித்தனியே போட்டு விடையை ஒப்பிட்டுக்கொள்வது போன்றது இது. ஒருவர் விடை இம்மியளவு பிறழ்ந்தாலும் அவருடைய உலகம் வேறாகிவிடும். பிறகு கூட்டு ஆட்டம் ஏது?

இந்த நுட்பமான ஏற்பாட்டுக்குள் வெளியார் எழுதிய நிரலை விடலாமா? சேர்க்கைகள் ‘லுவா’ மொழியில் எழுதப்படுகின்றன. சாதாரண லுவாவில் தற்செயல் எண் கேட்டால் ஒவ்வொரு பொறியும் ஒவ்வோர் எண்ணைத் தரக்கூடும். நேரம் கேட்டாலும் அதே கதை. நிறுவனத்தார் கதவை மூடிவிடவில்லை. தற்செயல் எண் எல்லாப் பொறிகளிலும் ஒரே வரிசையில் வருமாறு மாற்றினர். பொறியின் கடிகாரத்தையும் கோப்புகளையும் நேரே தொடும் வழிகளை அடைத்தனர். விதிகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டனர்.

எழுதுபவனுக்கும் ஒரு கடமை உண்டு. அவன் நினைவில் வைக்க விரும்புவதை ஆட்டத்தோடு சேமிக்கப்படும் இடத்தில்தான் வைக்க வேண்டும். தவறினால், நடுவில் வந்து சேர்பவருக்கு அது கிட்டாது, கணக்கு பிறழும்.

சர்வர் அமைப்பும் திருந்தியது. முன்னாளில் ஆடுவோர் தமக்குள் நேரே தொடர்பு கொண்டனர். ஒருவர் பொறி தளர்ந்தால் அனைவரும் காத்திருந்தனர். 2016இல் வந்த 0.14 பதிப்பு அம்முறையைக் கைவிட்டுச் சர்வரை நடுவில் நிறுத்தியது. அதன்பின் தளர்ந்தவர் பின்தங்கினாலும் பிறர் ஆட்டம் நிற்பதில்லை.

இதனால் விளைந்த பயன் யாது? 2024 அக்டோபரில் வந்த ‘ஸ்பேஸ் ஏஜ்’ என்னும் விரிவாக்கத்தை உருவாக்கியோருள், வெளியாளாக இருந்து ‘ஸ்பேஸ் எக்ஸ்ப்ளொரேஷன்’ என்ற சேர்க்கையை எழுதியவரும் ஒருவர். வாசலில் நின்றவர் வீட்டைக் கட்டுவோருள் ஒருவரானார்!

‘நீங்களும் மாற்றலாம்’ என்று வாயால் சொல்வது எளிது. ஒருவன் செய்யும் மாற்றம், நண்பர்கள் பல வாரம் உழைத்துக் கட்டியதைக் குலைக்காதபடி விதி வகுத்துத் தருவதே அரிது. அத்தகைய விதியைத் தளை என்று நான் கருதேன். முன்பின் அறியாதவரையும் நம்பிக் கூட்டுவேலையில் சேர்த்துக்கொள்ள அதுவே துணை. நிரல் எழுதப் பழகும் நண்பர்கள் சிறு சேர்க்கை ஒன்றை எழுதிப் பார்க்கட்டும். நான் சொல்வதன் உண்மை ஒரு மாலைப்பொழுதில் விளங்கும்.