சொந்த உழைப்பில் ஒரு பட்டம்

திண்டிவனம் – புதுச்சேரி சாலையில் இருக்கிறது கிளியனூர். காலையில் இங்கே பஸ் ஏறும் பிள்ளைகள் சிலர் திண்டிவனம் பக்கமும் சிலர் புதுச்சேரி பக்கமும் கல்லூரிக்குப் போகிறார்கள். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதிப்பவர்களும் அவர்களில் உண்டு. சிபாரிசுக்கு ஆள் இல்லாத குடும்பத்துக்குப் பட்டம்தான் கையிருப்பு. வேலை கொடுப்பவர் அதை நம்பினால்தான் அதற்கு மதிப்பு.

அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டதை இந்த வட்டாரம் 2018-ல் பார்த்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஏப்ரல்-மே தேர்வு மறுமதிப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டதாக லஞ்ச ஒழிப்புத் துறை 10 பேர் மீது வழக்குப் பதிந்தது. விடைத்தாள் திருத்திய திண்டிவனம் மையத்தின் பெயர் அப்போது தமிழ்நாடு முழுக்க அடிபட்டது. அந்த முறை விண்ணப்பித்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். தேர்ச்சி பெற்றவர்கள் 73 ஆயிரத்துக்கும் மேல். விடைத்தாள் சரியாகத் திருத்தப்படவில்லை என்ற நியாயமான ஆதங்கத்தில் விண்ணப்பித்து, காசு கொடுக்காமல் தேறியவர்கள் மீதும் சந்தேகம் படியத்தானே செய்யும்? ஒருவர் செய்யும் தில்லுமுல்லு, உழைத்துப் படித்தவரின் சான்றிதழையும் சேர்த்தே மலிவாக்கிவிடுகிறது.

பள்ளியில் சரி, கல்லூரியில் தவறு

முதலாண்டு மாணவர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பன்னிரண்டு வருடம் புத்தகத்தில் இருப்பதை வரி பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண். கல்லூரியில் அதையே அசைன்மென்ட்டில் செய்தால் கருத்துத் திருட்டு. இடையில் விதி மாறியதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் திருத்தித் தரவே ஓராண்டு தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகப் பெயர் சொல்லி மேற்கோள் காட்டிய பகுதி இந்தக் கணக்கில் வராது. யார் எழுதியது, எந்த நூல், எந்த ஆண்டு என்று குறிப்பிட்டுவிட்டால் போதும். அந்த ஒரு வரிதான் கடனுக்கும் களவுக்கும் நடுவில் நிற்கிறது.

பதவி உயர்ந்தாலும் இந்தக் கேள்வி விடாது. 2015-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மீதே பிறர் எழுத்தை எடுத்தாண்டதாகப் புகார் எழுந்தது. பதவி விலகச் சொல்லி மாணவர்கள் போராடினார்கள்.

ரெக்கார்டு நோட்டில் தொடங்குகிறது

வேதியியல் ஆய்வகத்தில் உங்கள் ப்யூரெட் 10.4 மில்லி காட்டுகிறது. சீனியர் ரெக்கார்டில் 9.8. மதிப்பெண் குறையுமோ என்ற பயத்தில் 9.8 என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். 10.4 ஏன் வந்தது, நிறம் மாறியதைத் தாமதமாகக் கவனித்தோமா, கரைசல் வேறா என்று தேடுவதுதான் படிப்பு. எண்ணை மாற்றியவருக்கு ரெக்கார்டில் கையெழுத்து கிடைக்கும், கைப்பழக்கம் கிடைக்காது. இப்படிப் பழகிய கைதான் இறுதியாண்டில் காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்கவும் நீளும்.

சாட்ஜிபிடியும் இப்படித்தான். புரியாத பாடத்தை அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆசிரியர் அனுமதித்த அளவுக்குப் பயன்படுத்தி, பயன்படுத்தியதைச் சொல்லிவிடலாம். அது எழுதியதை அப்படியே கொடுப்பது ஆபத்து. இல்லாத நூலுக்கும் ஆசிரியர் பெயர், ஆண்டு எல்லாம் போட்டுத் தரும். வைவாவில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

கல்லூரிகளுக்கும் கடமை இருக்கிறது. மேற்கோள் காட்டுவது எப்படி என்று முதல் மாதத்திலேயே தமிழில் சொல்லிக் கொடுங்கள். தப்பான ரீடிங்கை மறைக்காமல் எழுதிய மாணவருக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். கற்றுக்கொடுக்காமல் தண்டிப்பது நியாயமில்லை. கற்றுக்கொண்ட பிறகும் காப்பியடித்தால், பக்கத்து பெஞ்சில் இரவெல்லாம் கண்விழித்துப் படித்தவருக்குச் செய்யும் துரோகம் அது.