போர்டு புதிது, டிஸ்க் பழையது

மதர்போர்டு செத்தாலும் அதே விண்டோஸில் வேலையைத் தொடரலாம். 48 இலக்க எண் ஒன்று கையில் இருந்தால்.

தில்லி நேரு பிளேஸின் ரிப்பேர் கடைகளில் மதர்போர்டு போய்விட்டது என்று சொன்னதும் வாடிக்கையாளர் விலையை விசாரிப்பதற்கு முன்பே கேட்பது, "டேட்டா பச்சேகா?" டேட்டா பிழைக்குமா? பெரும்பாலும் பிழைக்கும். போர்டு எரிந்தாலும் டிஸ்க் பத்திரமாக இருப்பது சகஜம். சிக்கல் அடுத்த கேள்வியில்தான். அதே டிஸ்க்கைப் புதிய போர்டில் மாட்டி, ஒன்றுமே நடக்காதது போல வேலையைத் தொடர முடியுமா?

20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய வியாபாரியிடம் 18ஆம் தேதி போய், விண்டோஸை முதலிலிருந்து போட வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். விண்டோஸ் போடுவது ஒரு மணி நேர வேலை. பிரிண்டர், எழுத்துருக்கள், கணக்கு சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் பழையபடி அடுக்குவதற்குள் நாள் ஓடிவிடும்.

ஒரு காலத்தில் இதைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, டிஸ்க்கை இயக்கும் கன்ட்ரோலர் மாறினாலே 0x0000007B என்ற எண்ணைக் காட்டி நீலத் திரையில் படுத்துவிடும். பழைய போர்டுக்கான டிரைவரை மட்டுமே அது தயாராக வைத்திருக்கும். புதிய போர்டில் தன்னுடைய டிஸ்க்கையே அதற்குப் படிக்கத் தெரியாது. விண்டோஸ் 10, 11 இரண்டும் பொதுவான டிரைவர்களைக் கையோடு வைத்திருப்பதால், பெரும்பாலும் ஓரிரு முறை ரீஸ்டார்ட் ஆகிப் புதிய போர்டுக்குப் பழகிவிடுகின்றன. லினக்ஸுக்கு இந்தச் சிரமம் இன்னும் குறைவு.

அப்படியும் எழாவிட்டால் பயாஸைப் பார்க்க வேண்டும். பழைய டிஸ்க் எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், யுஇஎஃப்ஐயை மட்டுமே ஏற்கும் புதிய போர்டு அதிலிருந்து துவங்காது. விண்டோஸ் 10இல் 2017 முதல் இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, டேட்டாவை அழிக்காமலே இதைச் சரிசெய்யும். விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்தும் அதை ஓட்டலாம். ஆனால் முதலில் டிஸ்க்கை நகலெடுத்துக்கொள்ளாத மெக்கானிக்கை நம்ப வேண்டாம்.

அடுத்தது லைசென்ஸ். கம்ப்யூட்டருடன் சேர்ந்து வந்த ஓஇஎம் விண்டோஸ் பழைய போர்டோடு கட்டப்பட்டது. போர்டு போனால், வாரண்டியில் மாற்றித் தந்தாலொழிய, பொதுவாக அதுவும் போனதுதான். தனியாக வாங்கிய ரீடெயில் லைசென்ஸ் என்றால் கூடவே வரும். அதை மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைத்திருந்தால் சில கிளிக்குகளில் முடிந்துவிடும். டாலியின் லைசென்ஸை மெஷின் மாற்றும் முன் பழையதிலேயே சரண்டர் செய்வதுதான் முறை. செத்த மெஷினில் எப்படிச் செய்வது? டீலரின் உதவியைக் கேட்கலாம். டிஜிட்டல் கையெழுத்து யுஎஸ்பி டோக்கனில் இருப்பதால் அதற்கு ஆபத்தில்லை.

உண்மையான ஆபத்து, உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க்கில் பூட்டு இருப்பது. பிட்லாக்கர் டிஸ்க்கில் உள்ளதை ரகசியக் குறியீடாக மாற்றி, சாவியை டிபிஎம் என்ற சிப்பின் பாதுகாப்பில் வைக்கிறது. அந்தச் சிப் இருப்பது பழைய போர்டில் அல்லது அதன் பிராசஸரில். டிஸ்க் இடம் மாறியதும் நீலத் திரை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். முன்பு பெரும்பாலும் லேப்டாப்களில் இருந்த இந்த ஏற்பாடு, விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பு 2024இல் வந்தபோது டெஸ்க்டாப்களுக்கும் பரவியது. புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பல கம்ப்யூட்டர்களில் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது.

பழைய போர்டு உயிரோடு இருந்தால் மாற்றுவதற்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். செத்துவிட்டால் எண்தான் கதி. அது இல்லாமல் மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது.

எண் வழக்கமாக இருக்குமிடம், முதல் நாள் கம்ப்யூட்டரில் பதிவான மைக்ரோசாஃப்ட் கணக்கு. கடைப் பையன் தன் ஈமெயிலைப் போட்டு அவசரமாக விண்டோஸ் ஏற்றிக் கொடுத்திருந்தால், வியாபாரியின் பல வருடக் கணக்குகளுக்கான சாவி அந்தப் பையனின் மெயிலோடு இருக்கிறது. அவன் அந்த வேலையை விட்டுப் போயிருந்தால், முதலில் அவனுடைய போன் நம்பரைக் கண்டுபிடிக்க வேண்டும்.