தகட்டில் பொறித்த இலக்கம்

வட்டுக்கோட்டையில் நம்மிடம் படிக்கும் மாணவன் ஒருவன், சென்ற தவணையில் ஒரு நாள், வகுப்புக்கு ஓர் உலோகத் தகட்டைக் கொண்டுவந்தான். கனடாவிலிருந்து வந்த சித்தப்பா பழம்பொருட் கடையொன்றில் வாங்கியதாம். நீள்வட்ட வடிவம், சங்கிலி கோப்பதற்கு ஒரு துளை, ஓரத்தில் சிறியதொரு வெட்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய் ஒருவனின் கழுத்தில் தொங்கியது. அதிலே ஒரு பெயரும், எட்டுத் தானங் கொண்ட ஓர் இலக்கமும், 'ரீ 43 44' என்ற குறியும், 'ஓ', 'எச்' என்ற எழுத்துக்களும் பொறிக்கப்பட்டிருந்தன.

நாம் வாய் திறக்குமுன்னரே மாணவர்கள் உரை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். 43 இல் பிறந்து 44 இல் இறந்தவன் என்றான் ஒருவன். ஒரு வயதுக் குழந்தை எப்படியடா போருக்குப் போனது என்று மற்றவன் மடக்கினான். 'எச்' என்றால் இந்து என்று மகிழ்ந்தான் இன்னொருவன். ஓரத்து வெட்டு, இறந்தவனின் பற்களுக்கிடையே தகட்டை இறுக்கி வைப்பதற்கு என்றும் ஒரு கதை வந்தது.

இந்தக் கடைசிக் கதை உலகமெங்கும் உலவுவது, ஆனால் உண்மையன்று. எழுத்துக்களைப் பொறிக்கும் இயந்திரத்தில் தகடு அசையாமல் நிற்பதற்காகவே அந்த வெட்டு. 'ரீ 43 44' என்பது 1943 இல் ஏற்புவலித் தடுப்பூசியும் 1944 இல் மறு ஊசியும் போடப்பட்டன என்பதைக் குறிக்கும். 'ஓ' இரத்தப் பிரிவு. 'எச்' என்பது, நம் மாணவனுக்கு ஏமாற்றந்தான், எபிரேயரைக் குறிக்கும். அதாவது அச்சிப்பாய் யூதன். புரட்டஸ்தாந்தருக்கு 'பி', கத்தோலிக்கருக்கு 'சி'.

இனி இலக்கத்துக்கு வருவோம். முதல் தானம் 1 ஆயின், தானாக விரும்பிப் படையிற் சேர்ந்தவன். 2 ஆயின், மாநிலங்களின் தேசியக் காவற் படையிலிருந்து வந்தவன். 3 ஆயின், கட்டாயச் சேவைக்கு அழைக்கப்பட்டவன். இரண்டாம் தானம், அவன் சேர்க்கப்பட்ட பிரதேசத்தைக் காட்டும். நியூயோர்க்குப் பகுதிக்கு 2. பசிபிக் கரைக்கு 9. மாணவனின் தகடு 32 என்று தொடங்கிற்று. நியூயோர்க்குப் பக்கத்திலே கட்டாயச் சேவைக்கு அழைக்கப்பட்ட ஒரு யூத இளைஞன்! பெருவிரலகலத் தகட்டிலிருந்து ஒரு மனிதன் எழுந்து வந்தது கண்டு வகுப்பு சற்று நேரம் அடங்கியிருந்தது.

பிரித்தானியர் முறை வேறு. முதலாம் உலகப் போர் தொடங்கியபோது அவர்களுடைய சிப்பாய்க்கு ஒரு வில்லைதான். இறந்ததை அறிவிப்பதற்காகத் தோழர்கள் அதைக் கழற்றிக்கொண்டு போவார்கள். உடல் பெயரின்றிக் கிடக்கும். இத்தவற்றினால் எத்தனையோ பேர் 'அறியப்படாத போர்வீரர்' ஆயினர். 1916 இலேதான் இரண்டு வில்லைகள் வழங்கப்பட்டன. சிவப்பு வட்டம் கணக்குக்காக எடுத்துச் செல்லப்படும். பச்சை எண்கோணம் உடலோடேயே இருக்கும். அக்காலத்தில் ஒவ்வொரு படைப்பிரிவும் தன் ஆட்களுக்குத் தானே இலக்கம் வழங்கிற்று. ஆகையால் ஒரே இலக்கம் பலருக்கு இருந்தது; படைப்பிரிவின் பெயர் அழிந்துபோன வில்லையால் பயனில்லை. 1920 இல் இதைத் திருத்தி, ஒவ்வொரு படைக்கும் தனித் தொகுதியாக இலக்கங்களை ஒதுக்கினார்கள். 1842001 முதல் 2303000 வரை பொறியியற் படைக்கு. அதற்கடுத்த தொகுதி சமிக்ஞைப் படைக்கு. பின்னர் வேறு படைக்கு மாறினாலும் இலக்கம் மாறாது. எனவே அது, ஒருவன் எங்கே இறந்தான் என்பதையன்று, எங்கே தொடங்கினான் என்பதையே சொல்லும்.

நேரிற் காண விரும்புவோர் திருகோணமலைக்குப் போகலாம். நிலாவெளி வீதியிலே போர் மயானம் இருக்கிறது. நடுகற்களிற் பெயருக்கு முன்னே இலக்கத்தைக் காண்பீர்கள். கடற்படையினருடைய இலக்கத்துக்கு முன் 'டி' இருந்தால் டெவன்போட், 'பி' இருந்தால் போட்ஸ்மத், 'சி' இருந்தால் சதாம் என்று அவர்களின் தாய்த் துறைமுகத்தை அறியலாம். 'ஜே' கப்பலோட்டும் பிரிவு. 'கே' கொதிகலனுக்கு நெருப்பூட்டுவோர். கோணேசரைத் தரிசிக்கச் செல்லும் நம்மவர் பலர் இந்த மயானத்தைக் காணாமலே திரும்பிவிடுகிறார்கள்.

ஆயினும், இலக்கத்தின் அமைப்பை அறிவது பாதி வேலையே. இலக்கத்தைப் பெயராக்குவது பதிவேடு. 1940 செப்தெம்பரில் ஜேர்மானியர் இலண்டனிற் குண்டு வீசியபோது, முதற் போரிற் சேவை செய்த பிரித்தானியச் சிப்பாய்களின் கோவைகளில் அரைவாசிக்கு மேல் எரிந்துபோயின. 1973 யூலை 12 இல் அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில், படையினர் பதிவேட்டு நிலையம் தீப்பற்றி, ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட கோவைகள் அழிந்தன. ஏடுகள் எரிவது எத்தகையது என்று 1981 ஐக் கண்ட யாழ்ப்பாணத்தாருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது, பின்வாங்கில் இருந்த மாணவியொருத்தி எழுந்து, "அப்படியென்றால் கொக்குத்தொடுவாய்த் தகடுகளை எப்படி வாசிப்பது, சேர்?" என்று கேட்டாள்.

வாசகர்கள் அச்செய்தியை அறிவார்கள். 2023 யூன் மாத இறுதியில், முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயிலே தண்ணீர்க் குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடந்த அகழ்வு 2024 யூலையில் முடிந்தபோது, எடுக்கப்பட்டவை 52 பேரின் எச்சங்கள். உடைகளோடு, விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் அணிந்த இலக்கத் தகடுகளும் கிடைத்தன. 1994 க்கும் 1996 க்கும் இடையிற் புதைக்கப்பட்டவர்கள் என்று தொல்லியல் அறிக்கை கூறிற்று.

அமெரிக்கத் தகட்டைப் போல இவற்றின் முதற் தானத்தைப் பார்த்து ஊரைச் சொல்ல நம்மால் இயலாது. இயக்கம் 2009 இல் அழிந்தது. பெயருக்கும் இலக்கத்துக்கும் பாலமாக இருந்த ஏடு எந்தத் தாயின் கைக்கும் எட்டும் இடத்தில் இல்லை. எஞ்சியிருப்பவை, கூட இருந்தவர்களின் நினைவும் வீட்டாரின் நினைவுமே. இதை நாம் சற்றுத் தயங்கியே சொன்னோம்.

"எங்கள் அம்மம்மாவுக்குப் பெரியமாமாவின் இலக்கம் மனப்பாடம், சேர். ஒருமுறை லீவில் வந்தபோது தகட்டைப் பார்த்தவவாம்" என்றாள் அவள். அதைத் தடங்கலின்றிச் சொல்லியுங் காட்டினாள். நாம் இங்கே அதனை எழுதவில்லை.

மனப்பாடம் போதாது, தாளில் எழுதி வையுங்கள் என்றோம். இலக்கம், இயற்பெயர், இயக்கப் பெயர், வீட்டை விட்டுப் போன ஆண்டு, உயரம், விழுந்த பல், எலும்பு முறிந்த இடம், கடைசியாகக் கண்டவர் யார், இவ்வளவும் வேண்டும். இரத்த உறவினர் உயிரோடிருக்கும்போதே மரபணுச் சோதனைக்கு இசைவு தெரிவித்து வைப்பதும் நன்று. அம்மம்மாவுக்கு எண்பத்திரண்டு வயதாம்.

இரண்டு நாள் கழித்து மாணவி தாளைக் கொண்டுவந்து காட்டினாள். நாம் கேட்டவை யாவும் அதில் இருந்தன. கேளாத ஒன்றும் அடியில் இருந்தது: சட்டைக் கழுத்து பதினாலரை அங்குலம். அம்மம்மா தையல்காரியாம்.