சிவப்புப் பொட்டு வைத்த விமானம்

மாதிரி விமானம் செய்வதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவோர் நம்மில் பலர். ஆனால், ஒரு போர்க்கால விமானத்தை ஒட்டி, சரியான வண்ணம் தீட்டி முடிப்பதற்குள் வரலாற்றில் ஒரு பாடத்தையே படித்து முடித்துவிடலாம். பேராக்கில் வளர்ந்த என்னைப் போன்றோருக்கு அது நம் வீட்டு வாசலில் நடந்த பாடம்.

நான் செய்தது மிட்சுபிஷியின் ஜி3எம். ஜப்பானியக் கடற்படை இதை ‘96ஆம் வகை’ என்று அழைத்தது. ஜப்பானியரின் பேரரசர் ஆண்டுக் கணக்கில் 2596 என்பது நமக்கு 1936. அதன் கடைசி இரு இலக்கங்களே வகையின் பெயர். இந்தக் கணக்குத் தெரிந்தால், 1940இல் வந்த புகழ்பெற்ற போர் விமானத்துக்கு ‘ஜீரோ’ என்ற பெயர் ஏன் வந்தது என்பதும் புரிந்துவிடும். நேச நாட்டினரோ, ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களுக்குப் பெண்களின் பெயர்களைச் சூட்டினர். ஜி3எம்முக்குக் கிடைத்த பெயர் ‘நெல்’. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று காலம் தள்ளிய நம் தோட்டத்து மக்கள் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

1941 டிசம்பர் 8 அதிகாலை சிங்கப்பூர் மீது குண்டு போட்டவை இந்த வகை விமானங்களே. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 10ஆம் தேதி, குவாந்தான் கடற்பகுதியில் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்னும் இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜி3எம், ஜி4எம் விமானங்கள் சேர்ந்து மூழ்கடித்தன. 840 பேர் மாண்டனர். வெள்ளைக்காரனை யாரும் அசைக்க முடியாது என்ற நம்பிக்கையும் அங்கேயே மூழ்கியது.

இனி வேலைக்கு வருவோம். 1/72 அளவு என்றால், உண்மையான விமானத்தின் 72 அங்குலம் நம் மேசையில் ஓர் அங்குலம். ஜி3எம்மின் இறக்கை 25 மீட்டர். மாதிரியில் ஏறக்குறைய 34.7 சென்டிமீட்டர். பெட்டியைத் திறந்ததும் ஒட்ட உட்காரக்கூடாது. பிளாஸ்டிக் சட்டங்களைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் வண்ணம் பிடிக்காது. விமானியின் அறையை முதலில் தீட்டிவிட வேண்டும். உடலின் இரு பாதிகளையும் மூடிய பிறகு அங்கே தூரிகை நுழையாது. இதற்கென விற்கும் நீர்த்த பசை பிளாஸ்டிக்கை இலேசாக உருக்கி ஒன்றாக்கிவிடும். மறுநாள் அந்த இணைப்புக் கோட்டை மணல்தாளால் தேய்த்து மறைக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுதான்.

நம் ஊர் மழைக்காற்றுக்கென்று ஒரு தனிக் குறிப்பு. ஈரப்பதம் மிகுந்த வேளையில் லேக்கர் வண்ணத்தைத் தெளித்தால் மேற்பரப்பு வெண்மை பூத்துவிடும். ஈப்போவில் மாலை மழை வாடிக்கை என்பதால், தெளிக்கும் வேலையை வெயில் ஏறிய முற்பகலில் முடித்துவிடுவது நல்லது. வெளிறிய அடிப்பகுதியை முதலில், கரும்பச்சையும் மண்பழுப்பும் கலந்த மேற்பகுதியைப் பின்னர். இரு நிறங்கள் சேரும் எல்லையில் ‘ப்ளூ டேக்’கைக் கயிறாக உருட்டி ஒட்டிக்கொண்டு தெளித்தால் ஓரம் மென்மையாக வரும். ஒட்டுப்படங்களுக்கு முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. இல்லாவிட்டால் படத்துக்கு அடியில் காற்று தங்கி வெள்ளி போல் தெரியும். எல்லாம் முடிந்தபின் மங்கல் வார்னிஷ்.

ஒன்றைக் கவனியுங்கள். பல ஜப்பானிய விமானப் படங்களில் இறக்கையின் முன்விளிம்பில் மஞ்சள் பட்டை இருக்கும். அந்த அடையாளம் 1942இல் வந்தது. மலாயாவுக்கு மேல் பறந்த டிசம்பர் 1941 விமானத்தைச் செய்கிறவர் அதைப் போடக்கூடாது. சின்ன விஷயம்தான். ஆனாலும் எந்த ஆண்டு, எந்த வானம் என்பதை அந்தப் பட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

மேசையில் இதைப் பார்த்த என் பாட்டி, “இந்தச் சனியனை ஏன்டா வீட்டுக்குள்ள வெச்சிருக்க?” என்று கேட்டார். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லயத்து வாசலில் நின்று கொள்ளுப்பாட்டி பார்த்ததை அவர் சொன்னார்: வெளிறிய வயிறு, இரண்டு பக்கமும் சிவப்புப் பொட்டு. பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வாளியைப் போட்டுவிட்டுக் கானுக்குள் படுத்தார்களாம். கொள்ளுத்தாத்தாவின் தம்பி பின்னர் சயாம் மரண ரயிலுக்குப் போனவர், திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். அவர்களுக்கு மாதிரிப் பெட்டி எதுவும் கடையில் விற்பதில்லை.

பாட்டியின் கேள்விக்கு நான் சொன்ன பதில், “இது எங்கே போனதுன்னு தெரிஞ்சிக்கத்தான் பாட்டி.” அவருக்கு அது போதவில்லை. எனக்கும் முழுதாகப் போதவில்லை என்பதே உண்மை. இருந்தாலும், புத்தகத்தில் ஒரு வரியாக இருந்ததை அவர் ஒரு மணி நேரம் பேசியது இந்த விமானத்தால்தான்.

அவர் பேசிய பிறகு ஒரு மாற்றம் செய்தேன். மாதிரியை அலமாரியில் வைத்தால் தெரிவது மேற்பகுதி. அது விமானிகள் பார்த்த பக்கம். நம்மவர்கள் பார்த்தது வயிற்றை. அதனால் தூண்டில் நரம்பில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டேன். அண்ணாந்து பார்த்தால் பொட்டுகள் இரண்டும் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தரை இலக்குகளின் மேல் பறந்தவற்றில் பெரும்பாலானவை கடற்படையின் விமானங்கள் அல்ல, தரைப்படையினுடையவை. எனவே கொள்ளுப்பாட்டி பார்த்தது கி-21ஆக இருந்திருக்கலாம். அதுவும் மிட்சுபிஷியே, ‘97ஆம் வகை’. அடுத்து அதைத்தான் செய்யப்போகிறேன். இறக்கை 31 சென்டிமீட்டர் வரும். உத்தரத்தில் இடம் இருக்கிறது.